இழுக்க இழுக்க ஓடும் குதிரை: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்கிறது. மாடு வளர்த்த குடும்பம். கோவையில் ஒன்றரை வருடம் குதிரையேற்றம் கற்றுக்கொண்டு இப்போது சொந்தமாக ஒரு குதிரை வாங்கியிருக்கிறேன். சென்னையில் ரேஸ் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்), ஏழு வயது, காயடித்த ஆண். வந்து ஒரு மாதமாகிறது. கீழே நின்று கவனிக்கும்வரை தங்கமான பிள்ளை. ஏறினால்தான் தொல்லை. அங்கவடியில் கால் வைத்ததுமே நடக்கத் தொடங்கிவிடுகிறது. டிராட் (துள்ளுநடை) வரை பரவாயில்லை, கேன்டர் (தாவியோடும் மித ஓட்டம்) போனால் நிறுத்த முடியவில்லை. எவ்வளவு பலமாக இழுக்கிறேனோ அவ்வளவு வேகம். போன வாரம் கிளுவை வேலி வரை போய்த்தான் நின்றது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர் ஒருவர், முள் வைத்த பிட் (கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பு) போட்டால் ஒரே நாளில் அடங்கும் என்கிறார். போடலாமா? விற்றவர் சொன்னபடி ஓட்ஸும் கொள்ளுமாகத் தினம் ஆறு கிலோ கொடுக்கிறோம். கூடவே மாட்டுக்குப் போடும் சோளத்தட்டு.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முள் பிட் வேண்டாம். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளே அதைத் தடைசெய்கின்றன. விதியை விடுங்கள், உங்கள் குதிரைக்கு அது பலனும் தராது. வலித்தால் தரோபிரெட் நிற்காது, வலியை விட்டு ஓடத்தான் பார்க்கும். வாய் கிழிந்தபின் தலையை வானத்துக்குத் தூக்கி ஓடப் பழகிவிட்டால் அதைத் திருத்துவது இப்போதிருப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

அது உங்கள் பேச்சைக் கேட்காமல் ஓடவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கேட்டுத்தான் ஓடுகிறது. ரேஸ் குதிரைக்கு அதிகாலைப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது, பிட்டில் சாய்ந்துகொண்டு ஓடு என்பது. ஓட்டுபவர் இரண்டு கடிவாள வார்களையும் குறுக்காகச் சேர்த்துப் பிடித்துக் கழுத்தின் மேல் ஊன்றிக்கொள்வார். குதிரை அந்தப் பிடியில் தன் எடையைப் போட்டு ஓடும். வாரைச் சுருக்கிப் பிடித்தால் வேகம், தளர்த்தினால் ஓட்டம் முடிந்தது. நீங்கள் பயந்து சுருக்கிப் பிடிக்கிறீர்கள். அதற்குத் தெரிந்த ஒரே பொருளில் அது நடந்துகொள்கிறது. இரண்டு கைகளாலும் விடாமல் இழுத்து ஏறத்தாழ 450 கிலோ விலங்கை யாராலும் நிறுத்த முடியாது.

ஏறும்போது நிற்காததற்கும் இதே மாதிரி காரணம் உண்டு. ஜாக்கியை இன்னொருவர் முழங்காலில் பிடித்து மேலே தூக்கிவிடுவார், குதிரை அப்போது பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கும். அங்கவடியில் எடை போட்டு ஒருவர் ஏறி முடிக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொன்னதில்லை. காலும் அப்படித்தான். ஜாக்கியின் அங்கவடி மிகக் குட்டை, கீழ்க்கால் வயிற்றில் படாது. நீங்கள் நீளமான அங்கவடியில் உட்கார்ந்து கெண்டைக்காலை அழுத்தினால் திடுக்கிட்டு முன்னே பாயும். காலைத் தொட்டும் தொடாமலும் வைத்து, அந்தத் தொடுகை வெறும் தொடுகைதான் என்று முதலில் பழக்க வேண்டும்.

பயிற்சிக்கு முன் பல்லையும் முதுகையும் குதிரை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் கத்திபோலக் கூராகி, பிட் இழுபடும்போது கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். சேணத்தை நீங்களே சோதிக்கலாம். நீங்கள் ஏறி உட்கார்ந்தபின், பிடரி முடியும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். வேலை முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள்: சுற்றிலும் வியர்த்து நனைந்திருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது. ரேஸ் விட்ட குதிரையின் முதுகுச் சதை சில மாதங்களில் வடிவம் மாறும் என்பதால் இதை அடிக்கடி பார்க்க வேண்டும். பிட் சாதாரண ஸ்னாஃபில் (நெம்புகோல் இல்லாத எளிய வகை) போதும், வாயோரத்தில் ஒன்று அல்லது இரண்டு மடிப்பு விழும் உயரத்தில்.

இரண்டு வாரம் கேன்டரை மறந்துவிடுங்கள். நடையில் மட்டும் நிற்கக் கற்றுக்கொடுங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, நிமிர்ந்து, இடுப்பு குதிரையோடு ஆடுவதை நிறுத்துங்கள். அதன்பிறகு விரல்களை மூடுங்கள். முழங்கையைப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். வேகம் துளி குறைந்தாலும் அந்தக் கணமே விரலைத் திறந்துவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது இழுக்கும்போது இல்லை, விடும்போது. நீங்கள் விடத் தாமதித்தால் அது மறுபடி பிட்டில் சாய்ந்துகொள்ளும், பழைய கதை தொடங்கிவிடும். மூன்று எண்ணியும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். அதற்கும் இல்லையென்றால் ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாகத் திறந்து, பத்து மீட்டர் வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். வட்டம் சுருங்கினால் வேகம் தானாகக் குறையும். கழுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையாது. ஒரு மைதானத்தில் பந்தயம் எப்போதும் ஒரே திசையில்தான், அதனால் ஒரு பக்கம் மரக்கட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் குறைவான நேரம், அதிகமான தடவை.

நடையில் விரலை மூடியதும் நிற்கிறது என்றானபின் டிராட்டில் அதே பாடம். கேன்டரைத் தொடங்கும்போது இருபது மீட்டர் வட்டத்தில் ஆறேழு தாவல், உடனே டிராட். அது பிட்டைத் தேடுவதற்கு முன்பே நீங்கள் முடித்துவிட வேண்டும். நேர்கோட்டிலோ, லாயத்தைப் பார்த்தோ, இன்னொரு குதிரைக்குப் பின்னாலோ இப்போதைக்குக் கேன்டர் கூடாது. முன்னால் போகும் குதிரையைப் பிடிப்பதற்காகவே வளர்க்கப்பட்டது அது.

அதையும் மீறி ஓடினால்: ஒரு கையை வாரோடு பிடரியில் அழுத்தி ஊன்றுங்கள். மறு கையால் வாரை மேலும் பின்னுமாக ஒருமுறை இழுத்து விடுங்கள், மறுபடி இழுத்து விடுங்கள். இடம் இருந்தால் பெரிய வட்டத்துக்குத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். முழு வேகத்தில் ஒரே பக்க வாரைச் சடக்கென்று இழுத்துத் தலையை முழங்காலுக்குக் கொண்டுவருவதைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். கால்கள் பின்னிக் குதிரை உங்கள் மேலேயே விழும்.

ஏறுவதற்கு, அரை மீட்டர் உயரத்தில் அசையாத திண்டு ஒன்று போடுங்கள். தரையிலிருந்து ஏறினால் சேணம் முதுகை முறுக்கும், உங்களுக்கும் நேரமாகும். வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்காமல், ஓரிரு துளை இறுக்கி, பத்தடி நடத்தி, மறுபடி இறுக்குங்கள். திண்டின் மேல் நின்று சேணத்தைத் தட்டுங்கள், நின்றால் இறங்கிவிடுங்கள். அடுத்து அங்கவடியில் கால் மட்டும், அடுத்து பாதி எடை. நகர்ந்தால் திட்டாமல் ஒரு வட்டம் நடத்தி அதே இடத்தில் நிறுத்துங்கள். ஏறியபின் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது இந்தப் பாடத்தின் பெரும்பகுதி. ஏறியதும் கிளம்புபவர்கள்தான் கிளம்பும் குதிரையை உண்டாக்குகிறார்கள்.

இனி தீவனம். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. ஆறு கிலோ தானியம் ரேஸ் பயிற்சியில் இருக்கும் குதிரையின் கணக்கு. வாரத்தில் நாலைந்து நாள் ஒரு மணி நேரம் நடையும் டிராட்டும் செய்யும் குதிரைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ தாராளம். மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் குறையுங்கள், ஏறத்தாழ நாலு வாரத்தில் அங்கே வந்துவிடும். ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. வேலை இல்லாத நாளில் அதிலும் பாதி. ஓய்வு நாளில் முழுத் தானியம் தின்று மறுநாள் வேலைக்கு வரும் குதிரைக்குப் பின்தொடைச் சதை கல்லாக இறுகி, காபி நிறத்தில் சிறுநீர் போகும். அப்போது ஓரடிகூட நடத்தாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

எடையைத் தெரிந்துகொள்ள டேப் போதும். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். 185, 160 என்றால் சுமார் 460 கிலோ. அந்த எடைக்குத் தினம் ஒன்பது கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். எந்த நிலையிலும் ஏழுக்குக் குறையக் கூடாது.

மாடு வளர்த்தவர்கள் சறுக்குவது இங்கேதான். பச்சைச் சோளத்தைத் தொடர்ந்து மேயும் குதிரைக்குப் பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர் தானாகச் சொட்டும். காய்ந்த தட்டில் அந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் தடித்த தண்டு குடலில் அடைத்து வயிற்றுவலி தரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உங்கள் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல் நல்ல தீனிதான், ஆனால் அதில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றால் முக எலும்பு வீங்கி, காரணம் தெரியாத நொண்டல் வரும். கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கும் இதே குறை. தினம் ஒன்றிரண்டு கிலோ காய்ந்த குதிரைமசால் தழை சேருங்கள், தாது உப்பை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். வெயில் காலத்தில் தினம் ஐம்பது கிராம் கல்லுப்பு, எப்போதும் நிறைந்த தண்ணீர்த் தொட்டி. ஒரு நாளில் நாற்பது லிட்டர் குடித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பகலில் சில மணி நேரமாவது கிளுவை வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள், காலில் கயிறு கட்டாமல். பக்கத்தில் கோழிப் பண்ணை இருந்தால் ஒன்று கவனியுங்கள். கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்குச் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைக் கொல்லும், மாட்டுத் தீவனம் சிலவற்றிலும் அது உண்டு. மூட்டைகளைக் குதிரைத் தீவனத்தோடு ஒரே அறையில் வைக்காதீர்கள், அளக்கும் படியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.