குவார்ட்டர்பேக்கா, லைன்மேனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏப்ரல் மாத என்.எஃப்.எல். டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். தோற்றுக்கொண்டே இருக்கும் அணி முதலில் யாரை எடுக்க வேண்டும்: பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கையா, அவருக்கு முன்னால் 'லைன்' கட்டி நின்று இடி வாங்கும் ஐந்து பேரில் ஒருவரையா? சிலர் கோபமாகக் கேட்கிறார்கள், சிலர் பழமொழியோடு கேட்கிறார்கள். பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். முதலில் லைன், அப்புறம் குவார்ட்டர்பேக். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சுவரை மட்டும் வைத்துக்கொண்டு சித்திரக்காரரைத் தேடியே வருடங்களைக் கழித்த அணி ஒன்று உண்டு. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2007இல் மூன்றாவது ஆளாக ஜோ தாமஸை எடுத்தது. இடது டாக்கிள், அதாவது லைனின் இடது ஓரத்தில் நிற்பவர். தொடர்ந்து 10,363 ஆட்ட நகர்வுகளில் ஒன்றுகூட விடாமல் களத்தில் நின்றார். பத்து முறை ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார், 2023இல் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பிடித்தார். அவர் பாதுகாத்த குவார்ட்டர்பேக்குகள் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சீசன் முடிந்து நடக்கும் நாக்-அவுட் ஆட்டங்களான பிளே-ஆஃபில் தாமஸ் ஒன்றுகூட ஆடியதில்லை. அவருடைய கடைசி சீசனில் அணியின் வெற்றி-தோல்விக் கணக்கு 0-16.

மயாமியின் கதை இன்னும் நேரடியானது. 2007இல் 1-15 என்று முடித்ததால் அடுத்த டிராஃப்டில் முதல் உரிமை மயாமிக்கு வந்தது. மேட் ரயன் என்ற குவார்ட்டர்பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அவரை விட்டுவிட்டு ஜேக் லாங் என்ற டாக்கிளை எடுத்தார்கள். அந்த வருடமே 11-5. வேறொரு அணி கழற்றிவிட்ட சாட் பென்னிங்டன் வந்து நன்றாக ஆடியதால், எடுத்த முடிவு சரி என்றே தோன்றியது. லாங்கும் முதல் நான்கு வருடமும் ப்ரோ பவுல் போனார். ஆனால் 2012இல் மயாமி மறுபடியும் எட்டாவது இடத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுக்க வேண்டி வந்தது. மூன்றாவதாக அட்லாண்டா போன ரயன், 2016இல் லீகின் எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆகி அணியை இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார்.

என் கட்சி இதுதான்: நம்பத் தகுந்த குவார்ட்டர்பேக் கண்ணெதிரே இருந்தால் எடுத்துவிட வேண்டும். லைனுக்கு ஆள் சேர்க்க நாலைந்து வழி இருக்கிறது. நல்ல குவார்ட்டர்பேக்கை எந்த அணியும் தானாக வெளியே விடாது.

கேள்வி (ஹூஸ்டன் வாசகர்): டேவிட் காரை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது!

ஹூஸ்டன்காரர்கள் மறக்கவிட மாட்டீர்கள். 2002இல் புதிதாகப் பிறந்த டெக்ஸன்ஸ் அணி, டிராஃப்டில் முதல் ஆளாக காரை எடுத்தது. அந்த ஒரு சீசனில் அவர் 76 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறிவதற்குள் பிடித்து வீழ்த்தப்பட்டார். ஒரு சீசனில் ஒருவர் வாங்கிய சாக்குகளில் இதுதான் சாதனை. அவருக்குக் காவலாக இருக்கட்டும் என்று டோனி பொசெலி என்ற பெரிய டாக்கிளையும் சேர்த்தார்கள். தோள் காயத்தால் அவர் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2005இல் கார் மறுபடியும் 68 முறை விழுந்தார்.

காரை எடுத்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2003இல் முதல் ரவுண்டில், அதாவது டிராஃப்டின் முதல் சுற்றில், ஆண்ட்ரே ஜான்சன், பந்து பிடிப்பவர். அடுத்த மூன்று வருடமும் முதல் ரவுண்டில் வந்தவர்கள் எல்லாம் பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஆடும் தடுப்பாட்டக்காரர்கள். முதல் ரவுண்டில் ஓர் அஃபென்சிவ் டாக்கிளை, டுவேன் பிரவுனை, எடுத்தது 2008இல். கார் அணியை விட்டுப் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

அடி வாங்கி வாங்கி ஒரு குவார்ட்டர்பேக் எப்படிக் கெடுகிறார் என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். நல்ல நிலையில் இருப்பவரின் பார்வை தூரத்தில், ஓடுகிறவர்கள் மேல் இருக்கும். பத்து ஆட்டம் அடி வாங்கிய பிறகு பார்வை தாழ்ந்து, பாய்ந்து வருகிறவர்கள் மேல் விழ ஆரம்பிக்கும். யாரும் நெருங்காதபோதும் கால் பதறும். அப்புறம் எத்தனை நல்ல லைனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தப் பழக்கம் எளிதில் போகாது.

கேள்வி: நான் புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அந்த ஐந்து பேரும் ஒன்றுதானே?

இல்லை. நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அதனால்தான் இடது டாக்கிளுக்கு அத்தனை மவுசு, அத்தனை சம்பளம். ஆனால் நடுவே பிளந்துகொண்டு வருகிறவர்தான் குவார்ட்டர்பேக்குக்கு அதிக ஆபத்து என்பது என் எண்ணம். ஓரத்திலிருந்து வந்தால் முன்னால் ஓரடி நகர்ந்து தப்பலாம். நடுவில் வந்தால் நகர இடமே இல்லை.

கேள்வி: 2021இல் சின்சினாட்டி செய்தது சரியா? சேஸா, சூவலா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.

சண்டை நடக்க வேண்டிய விஷயம்தான். குவார்ட்டர்பேக் ஜோ பரோவை 2020இல் முதல் ஆளாக எடுத்தார்கள். அந்த நவம்பரிலேயே வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த டிராஃப்டில் ஐந்தாவது இடம். பெனே சூவல் என்ற டாக்கிள் இருந்தார். பரோவோடு கல்லூரியில் ஆடிய, பந்து பிடிப்பவரான ஜமார் சேஸும் இருந்தார். சேஸை எடுத்தார்கள். ஊரே திட்டியது. நானும்தான்.

சேஸ் முதல் சீசனிலேயே 1,455 கெஜம், 13 டச்டவுன். பரோ 51 முறை சாக் ஆனார். பிளே-ஆஃபில் டென்னசிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை விழுந்தும் அணி ஜெயித்தது. சூப்பர் பவுலுக்கும் போனார்கள். அதுவரைக்கும் திட்டியவர்கள் எல்லாம் தலைகுனிந்துதான் இருந்தோம்.

கடைசி நிமிடம். ராம்ஸ் 23, சின்சினாட்டி 20. நான்காவது, கடைசி முயற்சி, ஒரு கெஜம் வேண்டும். சேஸ் இடப்பக்க ஓரமாகத் தன்னைக் காத்துநின்ற ஜேலன் ராம்ஸியைத் தாண்டி ஓடிவிட்டார், தன்னந்தனியாக. இன்னும் ஒரு விநாடி கிடைத்திருந்தால் போதும். ஆனால் நடுவில் ராம்ஸின் ஆரன் டொனால்ட் கார்டைத் தள்ளிவிட்டு வந்து பரோவைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். சுழன்றபடியே எறிந்த பந்து தரையில் விழுந்தது. அன்று அது பரோ மேல் நடந்த ஏழு சாக்குகளில் சேரவில்லை, எட்டாவதாக ஆகியிருக்க வேண்டியது.

சரி, சூவல் இருந்திருந்தால் தப்பியிருக்குமா? அவர் டாக்கிள், ஓட்டை விழுந்தது கார்டு நின்ற இடத்தில். அதனால் சேஸை எடுத்ததைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன். நல்ல கார்டுகளைக் கடையில் வாங்குவது போல ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்தவர்களை நேரடியாகச் சேர்க்கும் வழி) வாங்கியிருக்கலாம். அடுத்த மாதமே போய் மூன்று லைன்மேன்களை வாங்கினார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் வீட்டில் சூவல் கட்சிக்காரருக்கும் ஒரு சாட்சி தருகிறேன். சூவல் ஏழாவதாக டெட்ராய்ட் போனார். குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், ராம்ஸ் வேண்டாம் என்று அனுப்பியவர். முதல் வருடம் 3-13-1 (கடைசி 1 சமனில் முடிந்த ஆட்டம்). அதே காஃப், அந்த லைனுக்குப் பின்னால் நின்று 2024இல் 15-2. நான் மேலே சொன்ன கட்சிக்கு எதிரான மிக வலுவான வாதம் டெட்ராய்ட்தான்.

கேள்வி: லைன்மேன் எடுத்தால் நஷ்டம் வராது என்கிறார்களே?

வரும். 2013இல் முதல் இரண்டு இடங்களில் போனவர்கள் இரண்டு டாக்கிள்கள். இரண்டாவதாகப் போன லூக் ஜோக்கல் ஜாக்சன்வில்லில் நிலைக்கவே இல்லை. மறுபக்கம், பின்னால் போய் பெரிய லைன்மேன் ஆனவர்களும் உண்டு: பிலடெல்பியாவின் ஜேசன் கெல்சி ஆறாம் ரவுண்டு, ஜோர்டன் மைலாட்டா ஏழாம் ரவுண்டு. மைலாட்டா ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரர், அமெரிக்கக் கால்பந்தே அதுவரை ஆடாதவர். பெரிய குவார்ட்டர்பேக்கான டாம் பிரேடியும் 199ஆவது ஆள்தான் என்று அடுத்து எழுதுவீர்கள். அதை நம்பி எந்த மேலாளரும் காத்திருக்க முடியாது.

கேள்வி: இளம் குவார்ட்டர்பேக்குகளுக்கு அணிகள் இப்படி அடித்துக்கொள்வது ஏன்? முன்பு இவ்வளவு இல்லையே.

காசு. 2010இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருட ஒப்பந்தம், 7.8 கோடி டாலர். அடுத்த வருடம் புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. 2011இல் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடிதான். மலிவாக ஒரு குவார்ட்டர்பேக் கிடைத்தால் மிச்சக் காசை மற்ற இடங்களில் கொட்டலாம். 2024 டிராஃப்டில் முதல் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் குவார்ட்டர்பேக்.

கேள்வி (சிகாகோ வாசகர்): எங்கள் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 2024இல் 68 முறை விழுந்தது லைனின் குற்றமா, அவர் குற்றமா?

இரண்டும். நானும் ஓர் ஆட்டத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதே இல்லை. நீங்களும் செய்து பாருங்கள்: சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த கணத்திலிருந்து மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். இரண்டுக்குள் விழுந்தால் லைன் கோட்டைவிட்டது. நான்கைத் தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால் லைன்மேன்களைத் திட்டாதீர்கள். அவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். சிகாகோவின் சில ஆட்டங்களில் ஐந்து வரை எண்ணியிருக்கிறேன்.

அணி செய்த பரிகாரம் எனக்குப் பிடித்திருந்தது. 2025இல் டிராஃப்டுக்குக் காத்திராமல் நடு மூன்று இடங்களுக்கும் அனுபவசாலிகளைக் கொண்டுவந்தார்கள். ஜோ தூனி, ஜோனா ஜாக்சன் இருவரும் வேறு அணிகளோடு செய்த டிரேடில், ட்ரூ டால்மன் ஃப்ரீ ஏஜென்சியில்.

கேள்வி: குவார்ட்டர்பேக்கை எடுத்த பிறகு லைனுக்கு எத்தனை வருடம் தவணை சொல்லலாம்?

இண்டியானாபொலிஸைப் பாருங்கள். ஆண்ட்ரூ லக் 2012இல் முதல் ஆள். வந்த நாளிலிருந்து அடி. 2015இல் சிறுநீரகம் கிழிந்தது. தோள் காயத்தால் 2017 முழுக்க ஆடவில்லை. 2018இல்தான் க்வென்டன் நெல்சனை ஆறாவதாகவும், இரண்டாம் ரவுண்டில் பிரேடன் ஸ்மித்தையும் எடுத்தார்கள். அந்த வருடம் லக் வெறும் 18 சாக். 10-6. பிளே-ஆஃப்.

அடுத்த ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் ஒரு பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, லக் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி கசிந்தது. வயது 29. வலி, சிகிச்சை, மறுபடி வலி என்ற சுழற்சி போதும் என்றார். ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தை விட்டு நடந்தபோது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அவருக்காகக் கட்டிய லைன், அடுத்த சீசனில் வேறொருவருக்காக நின்றது.