காதில் சீழ் வடியும் பிள்ளை நீச்சல் குளத்தில் இறங்கலாமா?

கேள்வி: மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா பகுதியிலுள்ள ஒரு பூர்வகுடிக் குடியிருப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே நீச்சல் குளம். என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு மாதக்கணக்கில் காதில் சீழ் வடிகிறது, காலெல்லாம் புண். காதில் சீழ் என்றால் தண்ணீரே படக்கூடாது என்றுதானே நம் வீடுகளில் சொல்வார்கள்? அவனைக் குளத்தில் விடலாமா?

பதில்: விடலாம். பராமரிப்பு சரியாக இருந்து, தண்ணீரில் குளோரின் முறையாகக் கலந்திருந்தால் தாராளமாக விடலாம். நம் வீடுகளில் சொல்வது குட்டை, ஆற்றுத் தண்ணீருக்குப் பொருந்தும்.

உங்கள் பகுதியிலேயே இது ஆராயப்பட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜிகலாங், முகரின்யா ஆகிய இரண்டு குடியிருப்புகளில் குளம் திறந்தார்கள். பெர்த் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் தோலையும் காதையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். ஒன்றரை வருடத்தில், தோலில் சீழ்ப்புண் இருந்த பிள்ளைகள் ஓர் ஊரில் 62 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், மற்றதில் 70-லிருந்து 20 ஆகவும் குறைந்தார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தவர்கள் இரண்டு ஊரிலும் 32 சதவீதம். அது ஓர் ஊரில் 13 ஆகவும், மற்றதில் 18 ஆகவும் இறங்கியது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது புண் குறைந்ததுதான். அந்தப் புண்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. புண் வந்த சில வாரங்களில் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். முகம் வீங்கி, சிறுநீர் டீ நிறத்தில் போகும். இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் இதே கிருமிதான் காரணம். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களிடம் இந்த இரண்டு நோயும் மிக அதிகம். ஆகவே புண்ணை 'தானா ஆறிடும்' என்று விடாதீர்கள். கிளினிக்கில் ஒரு பென்சிலின் ஊசியிலோ சில நாள் மருந்திலோ ஆறிவிடும். கூடவே சிரங்குப் பூச்சி இருந்தால் குளம் அதைக் கொல்லாது. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் க்ரீம் பூச வேண்டும்.

காது விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் செவிப்பறையில் ஓட்டை இருந்த பிள்ளைகளை நான்கு வாரம் நீந்தவிட்டுப் பார்த்தபோது சீழ் குறையவில்லை. ஆனால் கூடவும் இல்லை. அதனால் நீந்தவிடுங்கள், சிகிச்சையையும் விடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். டிஷ்யூ தாளைத் திரியாக முறுக்கி, மெதுவாகக் காதுக்குள் விட்டு, சீழை உறிஞ்சியதும் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த திரி. திரி காய்ந்து வெளியே வரும்வரை இப்படி. அப்புறம் கிளினிக் கொடுத்த சொட்டு மருந்தை விட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலை விரலால் சிலமுறை அழுத்துங்கள். மருந்து உள்ளே இறங்கும். காது காயாமல் மருந்து விட்டால் சீழோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். நீந்தி வந்த பிறகும் இதே திரி போதும். பட்ஸ் வேண்டாம்.

காய்ச்சல், கடும் காதுவலி, காதுக்குப் பின்னால் வீக்கம் இருந்தால் குளம் வேண்டாம், அன்றே கிளினிக். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையையும் குளத்தில் விடாதீர்கள்.

பல ஊர்களில் 'பள்ளிக்கு வந்தால்தான் குளம்' என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டில் குழாய் பழுதாகிக் குளிக்க வழியில்லாத பிள்ளைக்குக் குளத்தை அடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வீட்டுக் குழாயைச் சரிசெய்து தரும்படி கேட்பதும் நம் வேலைதான்.

கடைசியாக ஒன்று: மாதக்கணக்கில் சீழ் வடிகிறது என்றால் அவனுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். கேட்புத்திறன் பரிசோதனைக்கு இப்போதே எழுதித்தரச் சொல்லுங்கள். அதுவரை முன் வரிசையில் உட்காரவைத்து, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது பேசுங்கள்.