அனுசரிச்சுப் போறது மட்டும் தெரபி இல்ல – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்க்கா,

எனக்கு சொந்த ஊரு கோபி பக்கம், இப்ப திருப்பூர்ல இருக்கறோம். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனில பேட்டர்ன் செக்சன்ல இருக்கறார். பையனுக்கு அஞ்சு வயசு, போன வருஷம் அவனுக்கு ஆட்டிசம்னு சொன்னாங்க. டாக்டர் பையனப் பத்திக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இவரு தலையக் குனிஞ்சுட்டே "நானும் அப்டித்தான் இருந்தேன்"னு சொல்லிட்டே இருந்தார். பொறவு கோயமுத்தூர்ல இவருக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், முப்பத்தேழு வயசுல ஆட்டிசம்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு கவனம் ஒரு எடத்துல நிக்காத ஏடிஹெச்டி இருக்கலாம், பாத்துருங்கன்னும் சொல்லிருக்காங்க, நான் இன்னும் போகல.

இதுக்கெல்லாம் முன்னாடியே சண்டை தாங்காம ஒரு கவுன்சிலர்கிட்ட போனோம். தினம் ராத்திரி அரை மணி நேரம் பொண்டாட்டி கண்ணப் பாத்துப் பேசோணும்னு அவருக்கு ஹோம்வொர்க். ஒரு மாசம் செஞ்சார். அப்புறம் ஒரு வாரம் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல, லீவு போட்டுட்டு மேல் ரூம்ல கதவச் சாத்திட்டுப் படுத்துட்டார். அதச் சொன்னதுக்கு "நீங்கதான்மா அனுசரிச்சுப் போகோணும்"னுட்டாங்க.

எங்கப்பா வந்தா "வாங்க"ன்னு கேக்க மாட்டார். கையில இருக்கற பைய வாங்கி உள்ள வச்சுட்டு அவர் பாட்டுக்குப் போயிருவார். அப்பாவுக்கு அது ஆறாத கொறை. ஆனா அப்பா தோட்டத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டிக் குடுத்ததும் இவர்தான்.

பெங்களூர்ல இருக்கற பிரெண்டு நியூரோ அஃபர்மிங் தெரபின்னு ஒண்ணு இருக்கு, தனியாவும் ஜோடியாவும் போலாம்னு சொல்றா. அது நெசமாவே ஒரு வைத்தியமா, இல்ல "நான் இப்டித்தான், நீ பொறுத்துக்கோ"ன்னு சொல்றதுக்கு ஒரு சர்டிபிகேட்டாக்கா? எனக்கு ரொம்ப ஓஞ்சு போச்சு. யாரப் பாக்கறது? மாமியார்கிட்டயும் ஒரம்பரைகிட்டயும் சொல்றதா வேண்டாமா?

— பேர் வேண்டாம்ங்க்கா

*

அம்மணி,

மொதல்ல அந்த ஒரு வாரத்தப் பத்திச் சொல்லிர்றேன், ஏன்னா உங்க லெட்டர்ல என்னைய ரொம்ப நேரம் நிறுத்துனது அதுதான். நான் டாக்டர் கெடையாது, ஏடிஹெச்டின்னு நாப்பது வயசுக்கு மேல தெரிஞ்சுகிட்டு, பொறவு இதப் பத்தியே படிச்சுட்டும் தெரபிஸ்டுங்ககிட்ட பேசிட்டும் இருக்கற ஒரு ஆளு, அவ்வளவுதான். ஆனா நீங்க எழுதிருக்கறதப் பாத்தா அவரு உங்க மேல கோவத்துல கதவச் சாத்துன மாதிரி எனக்குத் தெரியல. காலைல இருந்து ஓவர்லாக் மிசின் சத்தம், டியூப் லைட்டு, ஷிப்மெண்ட் டேட்டுன்னு கத்தற போன், இத்தனையும் தாங்கிட்டு வர்ற மனுசன் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கண்ணப் பாத்துப் பேசோணும்னா எப்டி முடியும்? ஆட்டிசம் இருக்கற நெறைய பேருக்கு கண்ணப் பாக்கறதும் காது குடுத்துக் கேக்கறதும் ஒண்ணா நடக்காது, கண்ணப் பாத்தா பேச்சு மண்டைல ஏறாது, பேச்சக் கேக்கோணும்னா சொவத்தப் பாக்கோணும். அப்ப அந்த ஒரு மாசம் அவரு உங்ககிட்ட பேசவே இல்ல, கேட்டுட்டிருக்கற மாதிரி இருக்கறதுக்கு ஒழைச்சிருக்கார். இத மாஸ்கிங்னு சொல்றாங்க. நாளெல்லாம் மாஸ்க் போட்டே ஓட்டுனா ஒரு நாள் மொத்தமா கரண்ட் போயிரும், பேச்சு வராது, ஆளப் பாக்கப் புடிக்காது, அதுக்குப் பேரு ஷட்டவுன். ஆக அந்த ஹோம்வொர்க் உங்களுக்கும் ஒண்ணும் குடுக்கல, அவரையும் படுக்க வச்சுருச்சு.

அஃபர்மிங் தெரபிங்கறது இந்த எடத்துலதான் வேற பாதைல போகுது. ஆளத் திருத்தி எல்லார் மாதிரியும் நடிக்க வைக்கறது அதோட வேலை இல்ல. மூளை இப்டித்தான் வேலை செய்யுதுங்கறத ஒத்துகிட்டு, அந்த மூளையோட எப்டி நல்லாப் பொழைக்கறதுன்னு பாக்கறது. இது தெரபிஸ்டுங்க ஏசி ரூம்ல உக்காந்து கண்டுபுடிச்சது இல்லைங்க. லியோ கேனர்னு அமெரிக்காவுல இருந்த ஒரு மனநல டாக்டர் ஆட்டிசத்தப் பத்தி எழுதுனது 1943ல, அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் இத கொழந்தைங்க சீக்காவும் பெத்தவங்க துக்கமாவும்தான் பேசிட்டிருந்தாங்க. 1993ல ஜிம் சின்க்ளேர்னு ஆட்டிசம் இருக்கற ஒருத்தர்தான் பெத்தவங்களப் பாத்து எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீங்கன்னு சொன்னார். 2012ல டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் இருக்கறவர்தான், இங்கிலாந்துல சமூகவியல் படிச்சவர், அவரு சொன்னது உங்க வீட்டுக்கு அப்டியே பொருந்தும். ஆட்டிசம் இருக்கறவருக்கு மத்தவங்க மனசு புரியறதில்லன்னு எல்லாரும் சொல்றாங்களே, மத்தவங்களுக்கு அவரு மனசு புரியுதா, புரியாமப் போறது ரெண்டு பக்கமும்தானேன்னு கேட்டார்.

உங்கப்பாவையே எடுத்துக்குங்க. நம்ம பக்கம் ஒரம்பரை வாசப்படி ஏறுனா வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தரும் தனித்தனியா "வாங்க"ன்னு கேக்கோணும், படிச்சுட்டிருக்கற புள்ளை கூட எந்திரிச்சு வந்து கேக்கோணும், கேக்கலைன்னா அது அடுத்த நோம்பி வரைக்கும் பேச்சா ஓடும். உங்கப்பாவுக்கு மரியாதைன்னா அந்த ஒரு வார்த்தைதான். உங்க வீட்டுக்காரருக்கு மரியாதைன்னா மாமனார் நடுராத்திரி பாம்பு கெடக்கற வரப்புல டார்ச்ச புடிச்சுட்டு மோட்டார் போடப் போகக் கூடாதுங்கறது, அதுக்கு ஸ்டார்ட்டர் மாட்டிக் குடுத்துட்டார். இதுல யாருக்கு மனசு இல்ல? ரெண்டு பேருக்கும் இருக்குது, ஒருத்தரு பாசத்த இன்னொருத்தர் வாசிக்கல. நல்ல தெரபிஸ்ட்டா இருந்தா "வாங்க"ன்னு சொல்லச் சொல்லி அவருக்கு ட்ரெய்னிங் குடுக்க மாட்டாங்க, உங்களால சொளுவா செய்ய முடியறது எதுன்னு கேப்பாங்க. சொம்புல தண்ணி கொண்டாந்து மாமனார் கையில குடுக்கறது அவருக்கு முடியும்னா அதுவே போதும், அதுவும் நம்மூரு மரியாதைதான். உங்கப்பாகிட்டயும் நீங்க ஒக்காந்து பேசோணும், மாப்பிள்ளை வாயில வராதுங்கப்பா, தண்ணி குடுத்தாருன்னா கேட்டுட்டாருன்னு வச்சுக்குங்கன்னு. அவரும் ஒரு அடி எடுத்து வைக்கட்டும்.

இப்ப உங்க பெரிய கேள்விக்கு வர்றேன், பொறுத்துக்கோன்னு சொல்றதுக்கு இது ஒரு சர்டிபிகேட்டான்னு கேட்டிருக்கீங்க. அப்டி ஆக்கறவங்க இருக்காங்க, அத நான் மறைக்க மாட்டேன். "அவரு மூளை அப்டிம்மா, நீங்கதான் புரிஞ்சுக்கோணும்"னு சொல்லி அனுப்பற தெரபிஸ்ட், போர்டுல என்ன பேர் போட்டிருந்தாலும் சரி, உங்ககிட்ட அந்த பழைய கவுன்சிலர் சொன்னதத்தான் சொல்றாங்க. நம்ம ஆத்தா, அம்மிச்சி காலத்துல இருந்து பொம்பளைங்களுக்கு சொல்லிட்டு வர்ற அதே அனுசரிப்புதான் அது, புதுசா ஒரு இங்கிலீசு பேரு வந்ததால அது வைத்தியம் ஆயிராது. அவருக்கு சத்தம் தாங்காதுங்கறது எவ்வளவு நெசமோ, எட்டு வருஷமா ஒரு ஆறுதல் வார்த்தை இல்லாம உங்களுக்கு ஓஞ்சு போச்சுங்கறதும் அவ்வளவு நெசம். ஜோடியா போற தெரபில க்ளையண்ட் ரெண்டு பேரு. ரெண்டு பேரோட தேவையும் மேசை மேல வரோணும், ரெண்டு பேரும் எதையாச்சும் மாத்தோணும், அவரு முடியாதத விட்டுட்டு முடியறத மாத்தட்டும், நீங்களும் அப்டியே. இன்னொண்ணும் சொல்லிர்றேன், நீங்க அப்டி எதும் எழுதலைன்னாலும் இதப் படிக்கற வேற யாருக்காச்சும் வேணும்: கை ஓங்கறது, காசக் கையில குடுக்காம வச்சுக்கறது, போன நோண்டறது, மட்டம் தட்டிப் பேசறது, இதெல்லாம் ஆட்டிசமும் இல்ல ஏடிஹெச்டியும் இல்ல. அப்டி நடக்கற வீட்டுல மொதல்ல பாதுகாப்பு, ஒண்ணா உக்காந்து பேசறதெல்லாம் அப்புறம்.

ரூமுக்குள்ள என்ன நடக்கும்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடியச் சொல்றேன், அவங்க சம்மதத்தோடதான். சத்தியமங்கலம் பக்கம், பொண்ணு வீட்டுல மல்லி தோட்டம். தினம் சாயங்காலம் தலை நெறையப் பூ வச்சுக்கும். அவரு ராத்திரி ஆனா தலகாணிய எடுத்துட்டு ஹாலுக்குப் போயிருவார், வருஷக்கணக்கா இப்டி. தன்னையப் புடிக்கலைன்னே அந்தப் பொண்ணு நெனச்சிருச்சு, பொறந்த வீட்டுலயும் சொல்லி அழுதிருக்குது. தெரபிஸ்ட் ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒரு பேப்பர் குடுத்து சத்தம், வெளிச்சம், வாசனை, தொடறது இதுல எது ஆகும் எது ஆகாதுன்னு எழுதச் சொன்னாங்க. அவரு மொத வரியே மல்லிப்பூ வாசம், மூடுன ரூம்ல தலை வெடிக்குதுன்னு எழுதிருந்தார். ஏன் இத்தன நாளா சொல்லலைன்னு அது கேட்டா, உங்கப்பா தோட்டத்துப் பூ, எப்டிச் சொல்றதுன்னிருக்கார். பொண்ணு அன்னிக்கு சமாதானம் ஆகல, சரியான கோவம்தான், அந்தக் கோவத்துக்கும் அங்க நேரம் குடுத்தாங்க. இப்ப படுக்கப் போறப்ப பூவ எடுத்து வெளிய வச்சுருது. அது கேட்டது வேற, சொல்லாம கொள்ளாம வெளிய போகக் கூடாது, எங்க போறேன் எப்ப வருவேன்னு ஒரு மெசேஜ். அவரு அத போன்ல ரிமைண்டர் போட்டு வச்சு செய்யறார், ரிமைண்டர் போட்டு செஞ்சா அது பாசம் இல்லையான்னு கேக்காதீங்க, மறக்கக் கூடாதுன்னு போடறதுதானே ரிமைண்டர்.

உங்களுக்கும் கேள்விய முன்னாடியே எழுதி அனுப்பச் சொல்லலாம், அவரு பதில ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸாப்ல அனுப்பலாம். தனக்கு என்ன தோணுதுன்னு அந்த நிமிசமே சொல்ல வராத ஆளுங்க இருக்காங்க, உணர்ச்சி இல்லாம இல்ல, அதுக்குப் பேர் வைக்க நேரம் புடிக்கும். சண்டைல நீங்க பதில் கேட்டுத் தொரத்தத் தொரத்த அவரு உள்ள போயிட்டே இருக்காருன்னு நெனைக்கறேன், அதுக்கு அவரு எந்திரிச்சுப் போலாம், ஆனா எத்தன மணிக்குத் திரும்பி வந்து பேசுவேன்னு சொல்லிட்டுப் போகோணும், சொன்ன நேரத்துக்கு வரோணும். வர்ற நேரம் தெரிஞ்சா உங்களுக்கும் கதவத் தட்டத் தோணாது.

உங்க டெஸ்ட்டத் தள்ளிப் போடாதீங்க. மனநல டாக்டருங்க எது என்ன பிரச்சினைன்னு முடிவு பண்ணப் பாக்கற அமெரிக்கப் புஸ்தகம் டிஎஸ்எம், 2013ல அதோட அஞ்சாவது பதிப்பு வர்ற வரைக்கும் ஒரே ஆளுக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேத்து எழுதவே வழி இல்ல, அதுனால நம்ம வயசுக்காரங்க நெறைய பேரு ஒண்ணும் தெரியாமயே வளந்தோம், பொம்பளைப் புள்ளைங்கன்னா இன்னும் மோசம், "கவனம் பத்தாது, சோம்பேறி"ன்னு திட்டு வாங்குனதோட முடிஞ்சுது. ஏடிஹெச்டிக்கு மாத்திரை இருக்குது, சைக்கியாட்ரிஸ்ட் பாத்துத்தான் எழுதோணும், அஃபர்மிங்னா மாத்திரை வேண்டாம்னு அர்த்தம் இல்ல. ஆட்டிசத்துக்குன்னு மாத்திரை கெடையாது, ஆனா அதோட வர்ற பதட்டத்துக்கும் தூக்கம் இல்லாததுக்கும் வைத்தியம் உண்டு.

யாரப் பாக்கறதுன்னா, கவுன்சிலர்னு யாரு வேணா போர்டு வச்சுக்கறாங்க, அதனால க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேசன் இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. போன்லயே கேளுங்க: பெரியவங்க ஆட்டிசம் பாத்திருக்கீங்களா, ஜோடியா பாக்கறதுக்குத் தனியாப் படிச்சிருக்கீங்களா, கண்ணப் பாக்க வைப்பீங்களா, கேமரா ஆப் பண்ணிட்டுப் பேசலாமா. கொழந்தைங்கள நல்லாப் பாக்கற எல்லாரும் புருசன் பொண்டாட்டி விசயம் நல்லாப் பாப்பாங்கன்னு இல்ல. உள்ளூர்ல கெடைக்கலைன்னா ஆன்லைன்ல பாருங்க, ஆனா தமிழ்ல பேசறவங்களாப் பாருங்க, சண்டைய இங்கிலீசுல சொல்ல முடியாது. காசு பத்தலைன்னா கோயமுத்தூர் ஜிஎச்ல மனநலப் பிரிவு இருக்குது, தாங்க முடியாத ராத்திரிக்கு கவர்மெண்ட்டோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம். பையன சேக்கற தெரபி சென்டர்லயும் இதே கேள்வியக் கேளுங்க, கையக் கட்டி உக்கார வைக்கறதும் கண்ணப் பாத்தா மிட்டாய் குடுக்கறதும்தான் அவங்க தெரபின்னா எனக்கு அது வேண்டவே வேண்டாம், அவன் அப்பா முப்பத்தேழு வருஷமா பட்டது போதும்.

மாமியார்கிட்ட சொல்றதப் பத்தி. இது அவரோட விசயம், சொல்றதா வேண்டாமான்னு அவரு முடிவு பண்ணட்டும், அதுக்கு முன்னாடி நீங்க கோவத்துல கூட வாய விட்டுராதீங்க. நாளைக்கு யாராச்சும் இத வச்சு அத்துவிட்டறலாம்னு பயமுறுத்துவாங்கன்னு பயம் இருந்தா, 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்துல டைவர்ஸுக்கு மனநோய்னு ஒரு காரணம் இருக்கறது நெசம், ஆனா நோய்க்கு ஒரு பேர் இருக்குங்கறது மட்டும் பத்தாது, சேந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்குதான்னுதான் பாக்கோணும்னு சுப்ரீம் கோர்ட் 1988லயே சொல்லிருச்சு. ஆட்டிசம் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளி சட்டத்துல இருக்குது, பையனுக்கு சர்டிபிகேட் வாங்கி வச்சுக்குங்க, பள்ளிக்கூடத்துல ஒதவும். ஒரம்பரைக்கு நோய் பேரெல்லாம் சொல்ல வேண்டியதே இல்ல, தேவையச் சொன்னாப் போதும்: மண்டபத்துல அந்த ஸ்பீக்கர் சத்தம் இவருக்கு ஆகாதுங்க, முகூர்த்தத்துக்கு வந்து மொய் எழுதிட்டு சாப்பிட்டுக் கெளம்பிருவார், நானும் பையனும் இருப்போம்னு. கேக்கறவங்க மொத ரெண்டு கல்யாணத்துக்கு மூஞ்சியத் தூக்குவாங்க, மூணாவதுக்கு அவங்களே பந்தில அவருக்கு ஓரமா ஒரு எடம் போட்டு வச்சுருவாங்க.

டெஸ்ட் முடிஞ்சதும் எழுதுங்க அம்மணி.