மாத்திரையை விட்டுவிட்டு மிட்டாயைக் கட்டுகிறீர்கள்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் உகாண்டாவின் வடக்கே, கிட்கும் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு மூன்று வார ஊழியத்துக்குப் போகிறோம். எனக்கு இதுதான் முதல் மிஷன் பயணம். கிராமத்திலேயே ஒரு வீட்டில் தங்கவைப்பார்களாம். தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டுபோகலாம். ஒன்றில் சபையார் கொடுத்த பழைய துணி, மிட்டாய், வீடுகளில் மிஞ்சிய மருந்து மாத்திரைகள் என்று நிறைத்துவிட்டேன். இன்னொரு பெட்டியில் என் சாமான்களில் எதை எடுப்பது, எதை விடுவது? மலேரியா மாத்திரை மட்டும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கிடைக்காத பாதுகாப்பு எனக்கு மட்டும் எதற்கு என்று மனசு உறுத்துகிறது. கணவரிடம் சொல்லவில்லை, கவலைப்படுவார். 9 வயதில் மகளும் 6 வயதில் மகனும் இருக்கிறார்கள்.
- பெயர் வேண்டாம் என்ற சகோதரி

பதில்: பெட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம், சகோதரி. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மலேரியா மாத்திரை வேண்டாம் என்று, முதலில் அதற்கு வருகிறேன். முதல் பயணம் போகிறவர்கள் பலர் இதையே எழுதுகிறார்கள். மனசு உறுத்துகிறது என்று நீங்கள் சொல்வதைத் தியாகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் பாரத்தை அடுத்தவர் தலையில் ஏற்றுகிற காரியம் அது.

அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை மலேரியா. காய்ச்சல் தொடங்கி ஒன்றிரண்டு நாளிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடக்கூடியது. அந்த ஊர்ப் பெரியவர்கள் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் கடிபட்டு, பிழைத்து, அதற்கு ஓரளவு எதிர்ப்பு சம்பாதித்தவர்கள். உங்கள் உடம்பில் அது துளிகூடக் கிடையாது. மலேரியாவைப் பொறுத்தவரை அந்த ஊரில் நீங்கள் ஒரு கைக்குழந்தை. 2023-இல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில்தான். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். நீங்கள் மாத்திரையை விடுவதால் இந்தக் கணக்கில் ஒரு பிள்ளை குறையுமா?

குறையாது. நடப்பது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்குக் குளிர் தூக்கிப் போடும். எழுந்து வருவது உங்களைத் தங்கவைத்த வீட்டுக்காரி. போடா-போடா என்னும் வாடகை பைக்குக்கு ஆள் அனுப்பி, உங்களை நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு ஹெல்த் சென்டருக்குப் போக வேண்டும். அந்த மையங்களில் மருந்து இருப்பு தீர்ந்துபோகிற நாட்கள் உண்டு. கடும் மலேரியாவுக்குப் போடும் ஆர்ட்டிசுனேட் ஊசியில் இருப்பது உங்களுக்குப் போனால், அடுத்து தூக்கிக்கொண்டு வரப்படும் குழந்தைக்கு என்ன மிச்சம்? அந்த அம்மாளுக்கு அன்றைய வயல்வேலையும் போச்சு. விருந்தாளியாகப் போகிறவருக்கு முதல் கடமை, வீட்டாருக்குச் சுமையாகாமல் இருப்பது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னால் பயண மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் போங்கள். மூன்று மருந்துகளில் ஒன்றைத் தருவார். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் ஆரம்பித்து, தினம் ஒன்று, திரும்பிய பிறகு 7 நாள். டாக்சிசைக்ளின் 100 மி.கி. என்றால் ஆரம்பம் அதேதான், ஆனால் திரும்பிய பிறகு 28 நாள். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று. இரண்டு வாரமாவது முன்னால் தொடங்கி, வந்தபின் நான்கு வாரம். மனநலச் சிக்கல் எப்போதாவது இருந்திருந்தால் இதை எடுக்கக் கூடாது, டாக்டரிடம் மறைக்காதீர்கள். பழைய மலேரியா மருந்தான குளோரோகுயின் அங்கே பலிக்காது.

வந்தபிறகும் ஏன் விழுங்க வேண்டும் என்று பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். கடித்த கொசு விட்ட கிருமி முதலில் கல்லீரலில் போய் ஒளிகிறது, பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்சிசைக்ளின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். கல்லீரலிலிருந்து பிந்தி வருவதைப் பிடிக்கத்தான் அந்த நான்கு வாரம். அடோவாகுவோன்-புரோகுவானில் கல்லீரலிலேயே வேலை செய்வதால் ஏழு நாள் போதுகிறது. உங்கள் 21 நாள் பயணத்துக்கு இது 30 மாத்திரை, டாக்சிசைக்ளின் என்றால் 51. முன்னதைச் சாப்பாட்டோடு அல்லது பாலோடு விழுங்குங்கள், கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் சேரும். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டுவிட்டு அரைமணி நேரமாவது படுக்கக் கூடாது. தூங்கப்போகும்போது வெறுந்தொண்டையில் விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோலும் சீக்கிரம் எரியும்.

அதே டாக்டரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய, அதைப் போட்டதற்குத் தரும் மஞ்சள் நிறச் சான்று அட்டை கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லுபடியாகும். 2016-இலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். டைஃபாய்டு, ஹெப்படைட்டிஸ் ஏ, மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி பற்றியும் கேளுங்கள்.

மருந்துகள் எல்லாம் கைப்பையில். 1862 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் ஷிரே ஆற்றில், ஊழியத்துக்குப் போயிருந்த பிஷப் சார்லஸ் மெக்கன்ஸியின் தோணி கவிழ்ந்து மருந்துகள் தண்ணீரோடு போயின. அந்தக் காலத்து மலேரியா மருந்தான கொய்னா இல்லாமல் காய்ச்சலில் கிடந்து அந்த மாதக் கடைசியிலேயே இறந்தார். கூட இருந்த இளம் மிஷனரி பர்ரப்பும் அடுத்த சில வாரங்களில் போனார். அவர்களுக்கு விசுவாசம் குறைவென்று யாரும் சொல்ல மாட்டார்கள், மருந்துதான் இல்லை. இன்று தோணிக்குப் பதில் வராமல் போகிற பெட்டி. பாதி மாத்திரை உங்கள் கைப்பையில், பாதி கூட வரும் ஒருவரின் கைப்பையில், இரண்டு பங்கும் டாக்டர் சீட்டோடு, அட்டை பிரிக்காமல். வழக்கமாக நீங்கள் சாப்பிடும் மருந்து இருந்தால் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை மட்டும் போதாது, கடியைத் தடுக்க வேண்டும். மலேரியா கொசு பொழுது சாய்ந்து விடியும்வரை கடிக்கும். கையிலும் கணுக்காலிலும் டீட் 30 சதவீதம் அல்லது பிகாரிடின் 20 சதவீதம் உள்ள கொசுவிரட்டிப் பூச்சு. சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், இது மேலே. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கண்ணாடி ஃபிரேமையும் கைக்கடிகாரத்தையும் தொடாதீர்கள். உடைகளுக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே. திறந்த வெளியில் அடித்து, முழுக்கக் காயவிட்டு மடியுங்கள். ஆறு சலவை வரை தாங்கும். தோலில் போடக் கூடாது, ஈரமாக இருக்கும்போது பூனையை அண்டவிடக் கூடாது.

கொசுவலை மருந்து தோய்த்ததாக, நான்கு மூலை கட்டுகிற நீள்சதுர வலையாக வாங்குங்கள். ஒற்றைக் கொக்கியில் கூடாரம்போல் தொங்கும் வலையில் முழங்கையும் பாதமும் துணியில் ஒட்டிக்கொண்டே இருக்கும், மருந்து மங்கிய வலையானால் கொசு வெளியிலிருந்தே குத்தும். தங்கப்போவது புல்கூரை வேய்ந்த வட்டக் குடிசையாக இருக்கலாம். அங்கே மூலையே இல்லை. ஆகவே 10 மீட்டர் நைலான் கயிறும் நாலைந்து கொக்கி ஆணியும் வலையோடு சேர்த்தே கட்டிவையுங்கள். ஆணி அடிக்குமுன் வீட்டுக்காரியிடம் கேளுங்கள், மண்சுவர் பெயர்ந்தால் பூசுவது அவள்தான். சுவரைவிடக் கூரை மரத்தில் கயிறு கட்டுவது நல்லது. வலை விளிம்பை மெத்தைக்கடியில் சுற்றிலும் செருகி, உள்ளே போனதும் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள்.

இனி அந்த நிரம்பிய பெட்டி. கவிழ்த்துக் கொட்டுங்கள். வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளை உகாண்டாவுக்குள் கொண்டுபோகவே கூடாது. அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நேஷனல் டிரக் அத்தாரிட்டியின் அனுமதி இல்லாமல் தானமாகக்கூட மருந்து கொடுக்க முடியாது. பிரித்த அட்டையையும் வீட்டில் மிஞ்சியதையும் தானமாகக் கொடுக்காதீர்கள், போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. உங்கள் பிள்ளைக்குக் கொடுக்காத மாத்திரையை அவர்கள் பிள்ளைக்கு எடுத்துப்போகிறீர்களே, அங்கேதான் மனசு உறுத்தியிருக்க வேண்டும். பழைய துணியை அங்கே மிவும்பா என்பார்கள். கம்பாலாவின் ஓவினோ சந்தையில் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது, அதை விற்றுத்தான் எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. மிட்டாயும் வேண்டாம். வெளியூர்க்காரர் பையைத் திறந்தால் கை நீட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் மிச்சம், சொத்தைப் பல்லைப் பிடுங்கவும் ஆள் பக்கத்தில் இல்லை. தங்கும் வீட்டுக்குக் கிட்கும் கடைத்தெருவில் சர்க்கரையும் பார் சோப்பும் உப்பும் வாங்கிப் போங்கள், விருந்தாளி கொண்டுபோக வேண்டியது அதுதான். பள்ளிக்கூடத்துக்கு நோட்டும் பேனாவும் தலைமையாசிரியர் கையில் கொடுங்கள்.

உங்கள் உடைகள் நாலு செட் போதும். முழங்காலுக்குக் கீழே தாராளமாக இறங்கும் பாவாடை, தளர்ந்த முழுக்கை மேல்சட்டை. ராணுவப் புள்ளி போட்ட துணி கூடவே கூடாது, உகாண்டாவில் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். கருநீலத்தையும் கறுப்பையும் விட்டுவிடுங்கள். தூக்க நோயைப் பரப்பும் ட்செட்சி ஈ அந்த நிறங்களுக்குத்தான் ஓடிவரும், அதைப் பிடிக்கிற பொறித்துணியே நீலமும் கறுப்பும்தான். காலுக்கு மூடிய ஷூ. மண்தரையில் வெறுங்காலோடு நடந்தால் ஜிக்கர் என்னும் தெள்ளுப்பூச்சி நகக்கண்ணில் புகுந்து முட்டை வைக்கும்.

துணி காயப்போடுவதில் கவனம். மாம்பழ ஈ என்று ஒன்று, வெளியே காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அதை உடுத்தினால் பொரித்த புழு தோலுக்குள் இறங்கிக் கட்டியாக வீங்கும். காய்ந்ததும் இருபுறமும் சூடான இஸ்திரி போட வேண்டும், குறிப்பாக இடுப்புப் பட்டை, தையல் மடிப்பு. கரி இஸ்திரிப் பெட்டி அங்கே கிடைக்கும். உள்ளாடையை அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போடுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் கயிறு 10 மீட்டர் சொன்னேன்.

தண்ணீர் விஷயத்திலும் அதே வீட்டுக்காரியை நினைத்துக்கொள்ளுங்கள். போர்வெல்லிலிருந்து 20 லிட்டர் மஞ்சள் ஜெர்ரிகேனைத் தலையில் தூக்கி வருவது அவளோ அவள் மகளோதான். குளிக்க அரை வாளிக்கு மேல் எடுக்காதீர்கள். குடிக்கக் கொதிக்கவைக்கச் சொன்னால் அதற்கு விறகும் அவள் சுமக்க வேண்டும், எனவே கையடக்க வடிகட்டியும் குளோரின் மாத்திரையும் கொண்டுபோங்கள். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடித்துவிட்டு மாத்திரை போட்டு அரைமணி காத்திருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து. ஒரு லிட்டருக்கானதா 200 மில்லிக்கானதா என்று மேலே படித்துப் பாருங்கள், மாற்றிக் கரைத்தால் உப்பு ஏறிப்போகும். ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்த பேதிக்கு, பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை போடாதீர்கள். ஆற்றிலும் ஏரியிலும் கால் நனைக்காதீர்கள், நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா கிருமி தோல் வழியாகவே ஏறும்.

மற்றவை சட்டென்று: தலையில் மாட்டும் டார்ச், ராத்திரி குழிக் கழிப்பறைக்கு இரண்டு கையும் வேண்டும். கழிப்பறைக் காகிதம். மூன்று பட்டை முனை கொண்ட பிளக். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர், விமானத்தில் விடும் 100-க்குள் அடங்கும். டாலர் நோட்டு கிழியாத புதுசாக, பெரிய நோட்டாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும். மாற்றிய ஷில்லிங்கில் 1,000, 2,000, 5,000 நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள், கிராமத்தில் 50,000 நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. எல்லாம் சேர்ந்து 18 கிலோவைத் தாண்டாது. ஒரு பெட்டி போதும்.

கடைசியாகக் கணவர். இன்று ராத்திரியே சொல்லுங்கள். அவர் கவலைப்படுவார் என்பதற்காக மறைத்தது தப்பு. உங்களுக்கு ஏதாவது ஆனால் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நிற்கப்போவது அவர்தான், தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் உங்கள் ஊர் டாக்டர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைப்பார். நீங்கள் நினைவு தப்பிக் கிடந்தால் 'உகாண்டா போய் வந்தாள், இன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், அது அவருடைய வாய். திரும்பும் தேதி, மருந்தின் பெயர், பயணக் காப்பீட்டு எண், குழுத் தலைவரின் தொலைபேசி, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நீங்கள் கடைசி மாத்திரை போடும் தேதியைக் காலண்டரில் உங்கள் மகளையே வட்டம் போடச் சொல்லுங்கள்.