ஒரு வாரத்துக்கு இரண்டு ஊர் போதும்: இங்கிலாந்துக் கிராமப் பயணக் கேள்விகள்

கேள்வி: கையில் ஏழு நாள். காட்ஸ்வோல்ட்ஸ், கார்ன்வால், யார்க்‌ஷயர், லேக் டிஸ்ட்ரிக்ட் நான்கையும் பார்த்துவிடலாமா?

வேண்டாம். லண்டன் பேடிங்டனிலிருந்து கார்ன்வாலின் கடைசி ஸ்டேஷனான பென்சான்ஸுக்கு மட்டுமே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காட்ஸ்வோல்ட்ஸில் மூன்று இரவு, கார்ன்வாலில் நான்கு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேடிங்டனிலிருந்து காட்ஸ்வோல்ட்ஸில் உள்ள மோர்டன்-இன்-மார்ஷுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து கிராமங்களுக்கு பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. கார்ன்வால் போக லண்டனுக்குத் திரும்பத் தேவையில்லை, ரெடிங்கில் இறங்கி பென்சான்ஸ் ரயிலைப் பிடிக்கலாம். செயின்ட் எர்த்தில் மாறி செயின்ட் ஐவ்ஸ் போகும் குட்டி ரயிலில் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கடல் கூடவே வரும்.

ஊரிலேயே தங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸ் கிராமமான பைபரியில் ஆர்லிங்டன் ரோ என்று ஒரு வீட்டு வரிசை. 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டியதை 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றினார்கள். பகலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தில் அந்தத் தேன் நிறக் கல்லை நின்று பார்க்கவே இடம் கிடைக்காது. காலை ஏழு மணிக்கு ஓடைச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: இந்திய லைசென்ஸில் கார் ஓட்டலாமா?

12 மாதம் வரை ஓட்டலாம். நம் ஊர் போலவே இடப்பக்கம்தான். கியர் இல்லாத வண்டி வேண்டுமானால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கார்ன்வால், டெவன் கிராமச் சாலைகளில் இரண்டு பக்கமும் உயரமான செடிவேலி, நடுவே ஒரு கார் போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர்தான் பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ் பழகாமல் அங்கே போகாதீர்கள். வழிவிட்டவருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே கட்டாய மரியாதை.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. க்ளவெலி போகலாமா?

டெவனின் மிக அழகான மீனவ ஊர்களில் ஒன்று. ஆனால் செங்குத்தான கூழாங்கல் தெரு, வண்டிகளுக்கு இடமில்லை. சாமான்களையே சறுக்குப் பலகையில் இழுத்துப் போகிறார்கள். அம்மாவோடு என்றால் காட்ஸ்வோல்ட்ஸில் உள்ள போர்டன்-ஆன்-த-வாட்டருக்குப் போங்கள். சமதரை, விண்ட்ரஷ் ஆற்றங்கரையில் நடை, உட்காரப் புல்வெளி.

கேள்வி: சைவம். மீன்-சிப்ஸ் கடையில் சிப்ஸ் மட்டும் வாங்கிச் சாப்பிடலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். பல கடைகளில், குறிப்பாக யார்க்‌ஷயர் பக்கம், மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். ‘தாவர எண்ணெயா?’ என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கார்ன்வாலின் மடித்துச் சுட்ட பண்டமான கார்னிஷ் பேஸ்டி என்றாலே மாட்டிறைச்சிதான். சீஸ்-வெங்காயப் பேஸ்டி தனியாகக் கிடைக்கும். பப்களில் மதிய அடுப்பு இரண்டு, இரண்டரைக்கே அணைந்துவிடும். பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்டுக்குக் குழந்தைகளோடு கடலில் நடந்து போவது ஆபத்தா?

நேரம் பார்த்துப் போனால் இல்லை. கார்ன்வால் கரையில் உள்ள மராசியன் ஊரிலிருந்து இந்தத் தீவுக்குக் கல் பாவிய பாதை உண்டு. கடல் வற்றியிருக்கும்போது மட்டும் அது வெளியே தெரியும், மற்ற நேரம் படகு. ஒவ்வொரு நாளும் நேரம் மாறும் என்பதால் அன்றைய ஓத (கடல் ஏறி இறங்கும் நேர) அட்டவணையைப் பார்த்தே கிளம்புங்கள். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் கார் பாதையும் தினம் இரண்டு முறை மூழ்கும். அட்டவணையை மதிக்காதவர்கள் ஏறித் தப்பிக்கவே பாதையோரம் தூண்மேல் ஒரு குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு கார் போனதே என்று பின்தொடராதீர்கள். குன்றடியில் சிறு மணற்பரப்புகளைச் சுற்றி நடப்பவர்களுக்கும் இதேதான்: கடல் ஏறினால் திரும்பும் வழி அடைபடும். குளிப்பது உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். யாராவது மாட்டிக்கொண்டால் 999 அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள்.

கேள்வி: வயல் நடுவே நடக்கிறார்களே, சொந்தக்காரர் திட்டமாட்டாரா?

மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொது நடைபாதை, சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. திறந்திருந்த கதவைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவிடமிருந்து விலகி நடங்கள். இந்தப் பாதைகளில் ஒரு மணி நேரமாவது நடக்காமல் திரும்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: எந்த மாதம்?

மே, ஜூன். ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பள்ளி விடுமுறையான ஆகஸ்டைத் தவிருங்கள்.

கேள்வி: மகனுக்குப் புதைபடிவங்கள் மீது பைத்தியம். எங்கே அழைத்துப் போவது?

டார்செட்டில் லைம் ரீஜிஸ், சார்மத். 1811இல், புதைபடிவம் தேடிப் புகழ்பெற்ற மேரி ஆனிங்கின் அண்ணன் ஜோசஃப், இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் மண்டையோட்டைக் கண்டெடுத்ததும், அடுத்த ஆண்டு மீதி எலும்புக்கூட்டை மேரி கண்டுபிடித்ததும் இங்கேதான். அப்போது அவள் சிறுமிதான். கரையில் உதிர்ந்து கிடக்கும் அம்மோனைட்டுகளை (சுருள் ஓட்டுப் புதைபடிவங்களை)ப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பாறைமுகத்தைத் தட்டக் கூடாது. மண்சரிவு அடிக்கடி நடக்கும், அதனால் பாறையடியில் நிற்கவிடாதீர்கள். சார்மத் கரையோர மையத்தில் காட்டினால் அவன் கையில் இருப்பது என்னவென்று சொல்வார்கள்.