திமிங்கலத்தின் மூக்கு தலைமேல் போனது எப்படி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கடலே இல்லாத தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து திமிங்கலத்தைப் பற்றி இத்தனை கேள்வியா! விலங்கியல் பாடம் எடுப்பவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள், சரி, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: மேடம், டால்பின் குட்டிக்குக் கருவிலேயே மூக்கு உச்சியில்தான் இருக்குமா?

இருக்காது. ஆரம்பக் கருவில் கன்றுக்குட்டிக்கு இருப்பது போலவே முகத்தின் முனையில்தான் இரண்டு மூக்குத் துளைகளும் இருக்கும், மூக்குப் பாதையும் அண்ணத்துக்கு, அதாவது வாயின் மேற்கூரைக்கு, ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கும். அப்புறம் தாடை முன்னே நீள நீளத் துளை பின்தங்கிவிடும், பாதையும் மெல்ல நிமிர்ந்து அண்ணத்துக்குச் செங்குத்தாக நின்றுவிடும். மூக்கு மேலே ஏறியது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, மூக்கைத் தாண்டி முகம் வளர்ந்ததும் அதில் பெரிய பங்கு. மண்டை எலும்புகளும் இடம் மாறும்: மேல்தாடை எலும்பு பின்பக்கம் நீண்டு நெற்றி எலும்பின்மேல் படர்ந்துவிடும்.

ஓசூரிலிருந்து: பெரிய திமிங்கலத்துக்கும் இதே கதைதானே?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் பாடப்புத்தகம் படித்தவர்களும் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். புள்ளி டால்பின், ஃபின் திமிங்கலம் என்கிற பெரிய திமிங்கலம் இரண்டின் கருக்களையும் பருவம் பருவமாக ஒப்பிட்டு 2021ல் ஓர் ஆய்வு வந்தது. டால்பினில் கோணம் மாறுவது தலையின் முன்பகுதியில், வாய்க்கும் மூக்குக்கும் நடுவில். ஃபின் திமிங்கலத்திலோ முக்கியமான திருப்பம் தலையின் பின்பக்கம், மண்டை முதுகெலும்போடு சேரும் பகுதியில் நடக்கிறது. கடைசியில் இரண்டுக்கும் துளை தலைமேல்தான், போன வழிதான் வேறு.

ஊத்தங்கரை பிளஸ் டூ மாணவர்: டால்பினுக்கு ஒரு துளை, திமிங்கலத்துக்கு இரண்டாமே?

டால்பின் போலப் பல் உள்ள இனங்களுக்கு வெளியே தெரிவது ஒன்று, ஃபின் திமிங்கலம் போலப் பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடு உள்ளவற்றுக்கு இரண்டு. டால்பினுக்கும் மண்டை எலும்புக்குள் பாதை இரண்டுதான் தம்பி, மேலே வந்து ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

பென்னாகரத்திலிருந்து: ஒகேனக்கல் முதலைக்கு மூக்கு முனையில்தானே இருக்கிறது, அது நன்றாகத்தானே வாழ்கிறது?

நன்றாகவே வாழ்கிறது. முதலை மூக்கு நுனியையும் கண்ணையும் மட்டும் வெளியே நீட்டி அசையாமல் கிடக்கலாம். டால்பினோ வேகமாக நீந்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஒரு நொடி உச்சியைக் காட்டி மூச்சை மாற்றிக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவும் (கடற்பசு) பாலூட்டிதான், ஆனால் அதன் மூக்கு இன்னும் மூஞ்சி முனையில்தான், நிதானமாக மேய்கிற ஜீவனுக்கு அது போதும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுமா?

நம்மைப் போல முடியாது. டால்பினின் குரல்வளை நீண்டு மூக்குப் பாதைக்குள்ளேயே செருகியிருக்கும், இரை போவது அதன் இரண்டு பக்கமும்.

அரூரிலிருந்து: அந்த மூக்கால் வாசனை பிடிக்குமா அக்கா?

டால்பின் பிடிக்காது. கருவில் மோப்பத்துக்கான மூளைப்பகுதி முளைக்கும், பிறகு தேய்ந்துபோகும், அந்த மூக்குப் பாதையில் இருக்கிற உதடு போன்ற சதையை வைத்துத்தான் அது க்ளிக் ஒலி எழுப்புகிறது. சல்லடைத் தகடு உள்ள திமிங்கலங்களுக்கு மோப்பப் பகுதி சிறிதாக மிச்சமிருக்கிறது. பல் உள்ள ஸ்பெர்ம் திமிங்கலத்தில் வேலைப் பிரிவினையே உண்டு: இடது பாதை மூச்சுக்கு, வலது பாதை ஒலிக்கு. அதனால்தான் அதன் துளை மட்டும் தலையின் முன்முனையில், இடது பக்கம் ஒதுங்கி இருக்கும்.