மென்பொருள் தொழிலை விட்டுவிட்டுக் கல்விக்கும் அரசியலுக்கும் போனவர்கள் யாராவது உருப்படியாக எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

கேள்வியில் இருக்கும் ‘உருப்படியாக’ என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் ஐடி துறையில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிட்டு, கையில் கொஞ்சம் சேமிப்போடு, இனி ஊருக்கு ஏதாவது செய்யலாமா என்று யோசிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் பாதகமில்லை.

மென்பொருளாளராக இருந்து அமைச்சரான தைவானின் ஆட்ரி டாங் மாற்றியிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மேதை, குழந்தைப் பருவம், பதினான்கு வயதில் பள்ளியை விட்டது என்றே சுற்றுவார்கள். அதைப் படித்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் செய்த வேலைகளைக் கழற்றிப் பார்த்தால்தான் கிடைக்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பங்குதாரர். 2005இல் பேர்ல் 6 என்ற நிரல்மொழியை ஹாஸ்கெல் என்ற இன்னொரு நிரல்மொழியில் எழுதிக் காட்டிய ‘பக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார். பலர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ‘ஈதர்கால்க்’ விரிதாளும் அவருடையதுதான். ஆப்பிள் போன்ற நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்துவிட்டு, முப்பதுகளின் தொடக்கத்திலேயே தொழிலிலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். கல்வி வீட்டிலேயே இருந்தது: அவருடைய தாயார் 1994இல் தைபெய் அருகே வூலாய் மலைப்பகுதியில் மாற்றுக்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். டாங் தன்னைப் பாலினம் கடந்தவர் என்று சொல்பவர். தமிழில் ‘அவர்’ இருப்பதால் நமக்குச் சிக்கல் இல்லை.

முதல் வேலை அகராதி. தைவான் கல்வி அமைச்சகத்திடம் சுமார் 1,60,000 பதிவுகள் கொண்ட மாண்டரின் அகராதி இணையத்திலேயே இருந்தது. ஆனால் கைபேசியில் ஒழுங்காகத் திறக்காது, தரவை வெளியே எடுக்கவும் வழியில்லை. அபூர்வ எழுத்துகள் பல, எழுத்துருவில் இடமில்லாததால் சின்னச் சின்னப் படங்களாக ஒட்டப்பட்டிருந்தன. 2013இல் ‘கவ் ஜீரோ’ என்ற தன்னார்வக் குழு அந்தப் பக்கங்களை இறக்கிப் பிரித்தது. எழுத்துப் படங்களைப் பலர் பங்குபோட்டுக்கொண்டு, எல்லாக் கணினியும் படிக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினார்கள். டாங் அதை உடனடியாகத் தேடக்கூடிய தளமாக்கினார். பிறகு தைவானில் பேசப்படும் ஹொக்கியன், ஹக்கா மொழிகளின் அகராதிகளும் சேர்ந்தன. குழுவின் பெயரிலேயே செய்முறை இருக்கிறது. அரசுத் தள முகவரியில் வரும் ‘கவ்’வின் நடு எழுத்தான ‘ஓ’வை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தைப் போட்டால், அரசுத் தளத்தின் மேம்பட்ட நிழல் தளம் திறக்கும். குறை சொல்வதற்குப் பதில் பக்கத்திலேயே ஒன்றைச் செய்து வைப்பது.

கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த எழுத்துப் படங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நம் பக்கத்து அறிவிப்புகள்தான் நினைவுக்கு வருகின்றன. தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை குத்தி, சாய்வாக ஸ்கேன் செய்து, பிடிஎஃப் என்று ஏற்றிவிடுகிறார்கள். பழைய கோப்புகளில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் எழுத்துரு மாறி, ஆங்கிலமும் குறியீடுகளுமாகக் கொட்டுகிறது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதை எப்படி வாசிக்கும்? இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை, அக்கறை போதும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிப் பாடத்திட்டக் குழுவிலும் டாங் உறுப்பினராக இருந்தார். 2019 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் ஒன்பது அடிப்படைத் திறன்களை வைக்கிறது. அவற்றில் ஒன்று தொழில்நுட்பம், தகவல், ஊடகம் சார்ந்தது. இதில் அவர் விடாமல் வலியுறுத்துவது, மாணவனைச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்பவனாக மட்டும் பார்க்காமல் உருவாக்குபவனாகவும் பார்க்க வேண்டும் என்பது. தைவானின் தொடக்கப் பள்ளிகளில் காற்றின் நுண்துகளை அளக்கும் மலிவான பெட்டிகளை வைத்தார்கள். அளவுகள் பொதுவெளியில் ஏறும். ஒரு பிள்ளை தானே அளந்த எண்ணை அரசு நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால், தரவு என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அரசியலுக்கு வருவோம். 2014 மார்ச் 17 அன்று, சீனாவுடனான சேவை வர்த்தக ஒப்பந்தத்தின் பரிசீலனை முடிந்தது என்று நாடாளுமன்றக் குழுவின் தலைவர் அரை நிமிடத்தில் அறிவித்துவிட்டார். பிரிவு பிரிவாக விவாதிப்பதாகச் சொன்ன வாக்குறுதி காற்றில் போனது. மறுநாள் இரவு மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, ஏப்ரல் 10 வரை வெளியேறவில்லை. சூரியகாந்தி இயக்கம் என்பது அதுதான். டாங்கும் கவ் ஜீரோ தோழர்களும் மேடை ஏறவில்லை. கேபிள் இழுத்தார்கள், இணைய இணைப்பு கொடுத்தார்கள், உள்ளே நடப்பதை வெளியே நேரலையாகக் காட்டினார்கள். உள்ளே அடிதடி என்று வதந்தி கிளம்பினால் திரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். போராட்டம் கலவரமாகாமல் இருந்ததில் அந்தக் கேபிளுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சர் ஜாக்லின் ட்ஸாய் நேரே கவ் ஜீரோவின் ஹேக்கத்தானுக்கு (கூடி உட்கார்ந்து நிரல் எழுதும் நிகழ்வு) வந்து, சட்டம் எழுதும் முன் மக்களோடு பேச ஒரு தளம் வேண்டும் என்று கேட்டார். ‘வி-தைவான்’ பிறந்தது. அதன் இதயம் ‘போலிஸ்’ என்ற கருவி. காவல்துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நகர அரசைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. சியாட்டலில் சிலர் உருவாக்கிய திறமூல மென்பொருள்.

திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும். ‘பயணிகள் ஏறும் எந்த வண்டிக்கும் விபத்துக் காப்பீடு கட்டாயம் வேண்டும்’ என்பதுபோல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மூன்று பொத்தான்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன், தாண்டு. உங்களுக்குச் சொல்ல ஒன்று இருந்தால் புதிய வாக்கியமாக எழுதலாம், சுமார் 140 எழுத்துக்குள். அடுத்தவர் எழுதியதற்குப் பதில் எழுதும் பொத்தான் மட்டும் கிடையாது. வசைபாட வருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வேண்டுமானால் தன் கருத்தை அடுத்தவர்கள் ஏற்கும்படி நிதானமாக எழுதிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பின்னால் நடப்பது கணக்கு. ஆட்கள் ஒரு பக்கம், வாக்கியங்கள் ஒரு பக்கம் என்று அட்டவணை போட்டு, ஒரே மாதிரி வாக்களிப்பவர்களை வரைபடத்தில் அருகருகே வைத்துக் குழுக்களாகப் பிரிக்கிறது. எல்லாக் குழுக்களுமே ஏற்கும் வாக்கியங்களைத்தான் மேலே தூக்குகிறது. ஒரு கட்சியோ நிறுவனமோ ஐயாயிரம் பேரை இறக்கி ஒரே மாதிரி குத்தச் சொன்னால் அவர்களுடைய குழு பெரிதாகும், எதிர்க்குழு அசையாது, வாக்கியமும் மேலே வராது.

பலர் இதை நிறுவிவிட்டுப் பாழாக்குவது எங்கே என்று சொல்கிறேன். தொடக்க வாக்கியங்கள் இல்லாமல் திறந்துவிடுவது முதல் தவறு. பத்துப் பதினைந்து வாக்கியங்களாவது முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், அவை எல்லாத் தரப்பையும் தொட வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு கருத்தைத் திணிப்பது அடுத்தது. ‘வரி கட்ட வேண்டும், ஆனால் உரிமம் வேண்டாம்’ என்றால் மறுக்கிறவர் எதை மறுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நான்கைந்து வாக்கியத்துக்கு வாக்களித்துவிட்டுப் போகிறவர்களைக் குழுவில் சேர்க்க முடியாது, குறைந்தது ஏழு வேண்டும். அதனால் முதல் ஏழு சலிப்பூட்டினால் கதை முடிந்தது. கடைசி நாளில் வரும் நல்ல வாக்கியத்துக்கு வாக்குப் போதாமல் போவதும் உண்டு. சில வாரங்கள் திறந்து வைக்கச் சொல்வது அதனால்தான்.

2015இல் ஊபர் பிரச்சினையை இதில் போட்டார்கள். முதலில் டாக்சிக்காரர்கள், ஊபர் ஓட்டுநர்கள், பயணிகள் என்று சிதறி நின்றவர்கள் போகப்போக ஊபரை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று இரண்டு குழுக்களாகத் திரண்டார்கள். சாதாரண விவாத மேடையாக இருந்தால் அத்தோடு சண்டை முற்றியிருக்கும். இங்கே இரு பக்கமும் ஏற்கும் வாக்கியத்தை எழுத ஆட்கள் போட்டி போட்டார்கள். இந்த வாய்ப்பை வைத்து டாக்சித் தொழிலின் தரத்தை அரசு உயர்த்தச் செய்ய வேண்டும் என்ற பொருளில் வந்த ஒரு வாக்கியத்துக்கு 95 சதவீதம் ஆதரவு. பிறகு நேரலையில் நடந்த நேர்முகக் கூட்டத்தில் அமைச்சக அதிகாரிகள், டாக்சி சங்கத்தார், ஊபர் தரப்பு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி நிரல் அந்த ஒத்த வாக்கியங்கள்தான். 2016இல் புதிய டாக்சி வகை ஒன்றுக்கு விதி வந்தது: மஞ்சள் வண்ணம் கட்டாயமில்லை, செயலி வழியாக அழைக்கலாம், தொழில்முறை ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஊபர் உடனே பணியவில்லை. அபராதத்தின் உச்சவரம்பு 2.5 கோடி தைவான் டாலராக உயர்ந்த பிறகு, 2017 பிப்ரவரியில் சேவையை நிறுத்தி, ஏப்ரலில் வாடகைக்கார் நிறுவனங்களோடு சேர்ந்து திரும்பி வந்தது.

இந்த இடத்தில் ‘வி-தைவான் செத்துப்போய்விட்டதே’ என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். அதில் பாதி உண்மை. இணையத்தில் மது விற்பது பற்றி நடந்த கலந்தாய்வு ஒத்த கருத்துக்கு வந்தும் சட்டமாகாமல் கிடப்பில் போனது. காரணம் மென்பொருள் அல்ல. தளத்தில் வந்த முடிவுக்கு அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் எழுதப்படவில்லை. அமைச்சர் ஆர்வமாக இருந்தவரை ஓடியது, 2018க்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது. நீங்கள் இந்த வழியில் போவதானால் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

டாங் அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தார். 2016 அக்டோபரில், 35 வயதில், இலாகா இல்லாத அமைச்சரானார். அரசிடம் 2015 முதலே ‘ஜாயின்’ என்ற மனுத் தளம் இருந்தது: 60 நாளில் 5,000 பேர் கையெழுத்திட்டால் சம்பந்தப்பட்ட துறை இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். இதோடு, ஒவ்வொரு அமைச்சகத்திலும் மக்களோடு பேசுவதற்கென்றே பங்கேற்பு அலுவலர்களை அமர்த்தினார். 2017 மே மாதம், வருமான வரி தாக்கல் நேரத்தில், மேக் கணினியில் வரி மென்பொருள் வேலை செய்யவில்லை என்று ஒருவர் கொதித்துப்போய் மனுப்போட்டார். நிதித்துறையின் அலுவலர் அவரையும் அவரைப்போலத் திட்டியவர்களையும் கூட்டத்துக்கு அழைத்தார். தாக்கலின் ஒவ்வொரு படியையும் சுவரில் தாளாக ஒட்டி, எந்தப் படியில் எரிச்சல் வருகிறது என்று அவர்களையே குறிக்கச் சொன்னார்கள். புதிய மென்பொருள் அந்தத் தாள்களிலிருந்து வந்தது. ஒரு பள்ளி மாணவி போட்ட மனு ஐயாயிரத்தைத் தாண்டி, 2019 ஜூலை முதல் துரித உணவகங்களிலும் பள்ளிகளிலும் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா கொடுப்பது நின்றது. அதற்கும் வழி இதே தளம்தான்.

கொரோனா காலத்து முகக்கவச வரைபடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முதலில் தவறாகப் போனது. 2020 பிப்ரவரி 6 முதல் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் வாரத்துக்கு இரண்டு கவசம், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்தகங்களில். அதற்குச் சில நாள் முன்பு தைனான் நகரைச் சேர்ந்த மென்பொருளாளர் ஒருவர் எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்று மக்களே குறிக்கும் வரைபடம் போட்டு, கூகுள் வரைபடக் கட்டணமாக மட்டும் இருபதாயிரம் அமெரிக்க டாலர் அளவுக்கு மாட்டிக்கொண்டார். டாங் பிரதமரிடம் பேசி, இருப்புத் தரவை 30 வினாடிக்கு ஒருமுறை திறந்தவெளியில் விடவைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட செயலிகள் முளைத்தன. ஆனால் பல மருந்தகங்கள் காலையிலேயே டோக்கன் கொடுத்துவிட்டு, அட்டைகளை மாலையில்தான் தேய்த்தன. வரைபடத்தில் இருப்பு பச்சையாகக் காட்டும், கடையில் கவசம் இருக்காது, மக்கள் மருந்தாளரைத் திட்டுவார்கள். செயலியை நம்பாதீர்கள் என்று மருந்தகங்கள் வாசலில் எழுதி ஒட்டின. டாங் மருந்தாளர்களின் யோசனையைக் கேட்டு, டோக்கன் தீர்ந்ததும் தங்கள் கடையை வரைபடத்திலிருந்து மறைத்துக்கொள்ள ஒரு வழியைப் போடவைத்தார்.

தேர்தலில் நிற்காமல் நியமனத்தில் வந்தவர், அது என்ன ஜனநாயகம் என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. 2024 வரை பதவியில் இருந்தபோது அதற்கு அவர் வைத்த ஈடு: அலுவலகத்தில் தான் நடத்திய கூட்டங்கள், பேட்டிகளின் முழு எழுத்துப் பதிவு, பங்கேற்றவர்கள் திருத்தப் பத்து வேலைநாள் கொடுத்துவிட்டு, இணையத்தில் வெளியானது. ஆதரவு கேட்டு வந்த தொழிலதிபர் பேசியதும் அதில் வந்தது. தைவான் 2.3 கோடிப் பேர் வாழும் சின்ன இடம், நமக்குப் பொருந்தாது என்பதையும் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் ஐயாயிரம் கையெழுத்தும் இரண்டு மாதக் கெடுவும் ஒரு மாநகராட்சிக்குள் அடங்குகிற அளவுதானே.

செய்து பார்க்க நினைத்தால் போலிஸின் மூலநிரல் இலவசமாகவே கிடைக்கிறது. சர்வரில் ஏற்றுவது ஒரு வார இறுதி வேலை. அதைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் உங்கள் ஊரில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, முடிவு எதுவானாலும் இன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் தருகிறேன் என்று சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அது கிடைக்காத வரைக்கும் தளத்தைத் திறக்காதீர்கள்.